மணலில் ஒரு பாடம்

தார்ச்சாலையில் பழகிய கைகளுக்கு மணல் ஒரு புதிய பள்ளிக்கூடம். ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள சம் கிராமத்து மணற்குன்றுகளில், மைத்துனர் புதிதாக வாங்கிய மகிந்திரா தார் ஜீப்பை ஓட்டக் கற்றேன்.

கற்பித்த உள்ளூர் முதியவர், முதலில் டயர்களின் காற்றை 18 பவுண்டாகக் குறைத்தார். காற்றுக் குறைந்த டயர் அகன்று படியும். பாரம் பரவுவதால் எளிதில் புதையாது. பிறகு லிவரை மாற்றி, நான்கு சக்கரங்களையும் இயங்கச் செய்தார்.

ஏற்றத்தின் நடுவே சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கின. “மிதிக்காதீர்கள், பாபுஜி! மிதித்தால் குழிதான் ஆழமாகும். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்; அங்கே மணல் இறுகியிருக்கும்” என்றார். அவ்வாறே இறங்கி, வேகம் சேர்த்து மறுபடி ஏறினேன். வண்டி உச்சியைத் தொட்டது.

துறைத்தேர்வில் இருமுறை வெற்றி கிட்டாமல் பதவி உயர்வை எட்டாதிருந்த எனக்கு, அந்தப் பின்வாங்கல் பேராறுதலாயிற்று. ஊர் திரும்பியதும் மூன்றாம் முறைக்கு விண்ணப்பித்தேன்.