பகா எண் வேட்டை

பொன்னையும் மணியையும் நாடி மலையேறினோர் பலர். கடல் கடந்தோரும் பலர். கண்ணால் காண இயலாத எண் ஒன்றை நாடிப் பல்லாண்டு உழைப்பாரும் உலகில் உளர். அமெரிக்க நாட்டுக் கணிப்பொறி நிரலாளர் ஜார்ஜ் வோல்ட்மன் அத்தகையோருள் ஒருவர்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7 என்பன அத்தகையன. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை, இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே கிரேக்க அறிஞர் யூக்ளிட் நிறுவினார். ஆயினும், மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டறிதல் எளிதன்று.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் ஒருவகை எண்களை ஆராய்ந்தார். இரண்டை மும்முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் குறைத்தால் 7 வரும். ஐந்து முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் குறைத்தால் 31 வரும். இரண்டும் பகா எண்களே. ஆனால், பதினொரு முறை எழுதிப் பெருக்கி ஒன்றைக் குறைத்தால் வரும் 2047, 23ஆலும் 89ஆலும் வகுபடும். ஆதலின் ஒவ்வோர் எண்ணையும் சோதித்தே துணிதல் வேண்டும். எண் வளர வளரச் சோதனைக்குரிய காலமும் வளரும்.

ஒரு பொறியால் இயலாததைப் பல பொறிகள் கூடிச் செய்யக்கூடும் என வோல்ட்மன் கருதினார். 1996ஆம் ஆண்டில், தாம் எழுதிய நிரலை எவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வழங்கினார். வீடுகளில் வாளா கிடந்த பொறிகளும் வேலை செய்யலாயின. ஆர்வலர் ஆளுக்கோர் எண்ணை ஏற்றுச் சோதித்து, விடையை அறிவித்தனர். அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே 4,20,921 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று அகப்பட்டது.

தேடல் எந்நாளும் வெற்றி தருவதன்று. 2018 டிசம்பருக்குப் பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் புதிய எண் எதுவும் கிட்டவில்லை. ஆர்வலரோ சோர்ந்திலர். 2024 அக்டோபரில் லூக் டியூராண்ட் என்பார் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டார். நொடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் ஓயாது எழுதினும், அதனை முடிக்க 474 நாட்களுக்கு மேலாகும்!

இதனால் விளையும் பயன் யாது என வினவுவார் உளர். அத்துணைப் பெரிய எண்ணுக்கு அன்றாட வாழ்வில் வேலையில்லை என்பது உண்மையே. எனினும், தேடும் முயற்சி வேறு பயன்களைத் தந்தது. 2016ஆம் ஆண்டில், இன்டெல் நிறுவனத்தின் புதிய செயலிகளில் மறைந்திருந்த குறையொன்று வோல்ட்மனின் நிரலை இயக்கியபோது வெளிப்பட்டது. நிறுவனத்தார் அதனை ஒப்புக்கொண்டு, திருத்தமும் செய்தனர்.

புதிய எண்ணைக் கண்டவர் பெயரை உலகம் அறியும். ‘இது பகா எண் அன்று’ என்னும் விடையையே பன்முறை பெற்றவர் எண்ணற்றோர். அவர்தம் பெயரை அறிவார் சிலரே. ஆயினும், இனித் தேடவேண்டாத இடம் எது என்பதை அவர்களே உணர்த்தினர். அவர்கள் கழித்துத் தந்த எண்களைக் கடந்தே வெற்றி பெற்றவர் மேற்சென்றார். கூடிச் செய்யும் ஆராய்ச்சியில் கிட்டாத விடையும் ஒரு விடையே. அதனை நேர்மையாக அறிவித்தவர் உழைப்பும் வீண்போவதில்லை.