தோற்றவனுக்கு ஒரு சிலை

ஆர்மீனிய நாட்டில் மருத்துவம் பயிலும் எம் தம்பி மகனைக் காணச் சென்றபோது, தலைநகர் யெரெவானின் நீலப் பள்ளிவாசலில் ஒரு வெள்ளிக்கிழமை தொழும் பேறு எமக்குக் கிட்டியது. தொழுகை முடிந்து நகரைச் சுற்றி வருகையில், பூங்காவொன்றில் செம்புச் சிலையொன்றின் முன் நின்றோம். பாய்ந்து செல்லும் பரிமீது வாளேந்திய வீரன். பெயர் வர்தான் மாமிகோனியன். சிற்பி எர்வாண்ட் கோச்சாரின் கைவண்ணத்தில் 1975இல் எழுந்த சிலை அது.

"எந்தப் போரில் வென்றவர்?" என வினவினோம்.

"வெல்லவில்லை பெரியத்தா, தோற்று மாண்டவர்" என்றான் மகன்.

வியந்து நின்ற எமக்கு அவனே வரலாற்றை விரித்துரைத்தான். பாரசீகப் பேரரசன் இரண்டாம் யஸ்டிகெர்ட், கிறித்தவர்களான ஆர்மீனியர்கள் தன் சொராஸ்ட்ரிய சமயத்தைத் தழுவ வேண்டுமெனக் கட்டளையிட்டான். அவர்கள் இணங்கவில்லை. கி.பி. 451இல், இன்று ஈரான் எல்லைக்குள் அமைந்த அவராயிர் சமவெளியில், யானைப்படையுடன் வந்த பெருஞ்சேனையை வர்தான் எதிர்த்து நின்று களத்தில் வீழ்ந்தான். ஆர்மீனியர் தரப்பில் 1036 பேர் மாண்டதாக எகிஷே என்னும் பழம்பெரும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. வர்தானின் உடன்பிறந்தார் மகன் வாகன் பின்னாளில் போரைத் தொடர்ந்தான். முடிவில் 484ஆம் ஆண்டின் நுவார்சாக் உடன்படிக்கை, ஆர்மீனியர் தம் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றும் உரிமையை வழங்கியது.

முப்பதாண்டுகளாக வகுப்பறையில் "வென்றவர் யார்?" என்றே வினவி மதிப்பெண் இட்டு வந்தோம். அவ்வினாவின் குறை அன்றுதான் எமக்குப் புலப்பட்டது.

திரும்பும் வழியில் மகன் மேலும் ஒரு செய்தி சொன்னான். சிலை எழுந்த 1975இல், யாம் தொழுது வந்த பள்ளிவாசலில் தொழுகை இல்லை. சோவியத் ஆட்சியில் அது அருங்காட்சியகமாக மாற்றப்பட்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அப்பள்ளி, 1990களில் ஈரான் நாட்டின் உதவியால் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் வழிபாட்டுக்குத் திறந்தது. முன்பு பள்ளிவாசல்கள் பல இருந்த அந்நகரில், இன்று தொழுகை நடப்பது அவ்வொன்றில் மட்டுமே.

சமய உரிமைக்காக உயிர் நீத்தவனுக்குச் சிலை எழுப்பிய ஊரில், எம் வழிபாட்டுக்கும் ஓர் இடம் எஞ்சியிருந்தது கண்டு நெஞ்சம் நெகிழ்ந்தோம். எஞ்சியது ஒன்றே என்பதையும் எண்ணினோம். தம் வழிபாட்டைக் காக்கப் போராடியோரைப் போற்றாத இனமில்லை. அயலான் வழிபாட்டையும் அவ்வாறே காக்கும் நாளில்தான், வர்தான் போன்றோர் சிந்திய குருதிக்கு உரிய மதிப்பை நாம் அளித்தவராவோம்.