ஆறு தடவை இரண்டாவது!

2017-க்கு முன்பெல்லாம் பத்தாவது ரிசல்ட் வந்தால் முதல் மார்க் வாங்கியவன் படம்தான் பேப்பரில் வரும். இரண்டாவது வந்தவன் யாரென்று அவன் தெருவுக்கு மட்டும் தெரியும். அப்படி ஆறு தடவை இரண்டாவது வந்தவர் நெதர்லாந்தின் யோப் ஸூட்டமெல்க். (பெயருக்கு அர்த்தம் 'இனிப்புப் பால்'. நிஜமாகத்தான்!)

1946-ல் பிறந்தவர். முதலில் தச்சு வேலை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நால்வர் அணியில் தங்கம். 1970-ல் தொழில்முறை வீரரானார், அந்த வருடமே டூர் டி ஃபிரான்ஸில் இரண்டாமிடம். பிறகு 1971, 76, 78, 79, 82... எல்லாமே இரண்டு. முன்னால் போனவர்கள் மெர்க்ஸ், வான் இம்பே, ஈனோ.

இவர் அடுத்தவர் சக்கரத்தை ஒட்டியே ஓட்டுவார் என்று அப்போது கேலி செய்தார்கள். மெர்க்ஸின் நிழலிலேயே போவதால் உடம்பு கறுக்கவில்லையாம்! ஆடிக் காற்றில் உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனத்துக்கு சைக்கிள் மிதித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். முன்னால் ஒருத்தன் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருபவனுக்கு நிறையவே பாரம் குறையும். அது புத்திசாலித்தனம், அவ்வளவுதான்.

1974-ல் ஒரு பந்தயத்தில் நின்றிருந்த கார் மீது மோதி மண்டையோடு உடைந்தது. பிறகு மூளைக்காய்ச்சல் வேறு. அடுத்த வருடமே பாரிஸ் - நீஸ் பந்தயத்தை ஜெயித்தார்.

ஒரே ஒரு டூர் வெற்றி 1980-ல். மஞ்சள் சட்டையில் இருந்த ஈனோ முழங்கால் வலியால் பாதியில் விலகினார். மறுநாள் அந்தச் சட்டையைப் போட ஸூட்டமெல்க் மறுத்துவிட்டார். ஓசியில் கிடைத்த வெற்றி என்றார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. ஈனோ விலகுவதற்கு முன்பே தனி நேர ஓட்டத்தில் அவரை ஜெயித்திருந்தார். கடைசியில் இரண்டாமவரைவிடக் கிட்டத்தட்ட 7 நிமிடம் முன்னால்.

மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. 1977, 79, 83 டூர்களில் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார். 1979-ல் 10 நிமிடம் அபராதம் போட்டும் இரண்டாமிடம் போகவில்லை. மூன்றாமவர் அவ்வளவு பின்னால்! இதற்காக அவரை வெறுப்பவர்களை குறை சொல்ல முடியாது.

16 டூர் தொடங்கினார், பதினாறையும் முடித்தார். 1985-ல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டி. எல்லோரும் லெமாண்டையும் அர்ஜெண்டினையும் பார்த்துக்கொண்டிருக்க, கடைசியில் சத்தமில்லாமல் பிய்த்துக்கொண்டு போனார் ஸூட்டமெல்க். வயது 38. அன்று இரண்டாவது வந்தவர் லெமாண்ட்.