மாடு கொடுத்து வாங்கிய ஆர்கன்

மாட்டை விற்று நிலம் வாங்குவார்கள், நகை வாங்குவார்கள். ஒரு ஊரே சேர்ந்து மாடுகளைக் கொடுத்து இசைக்கருவி வாங்கிய கதை தெரியுமா?

ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், கடலை ஒட்டி இருக்கிறது கிழக்கு ஃப்ரீஸ்லாந்து. அங்கே ரீசும் என்று ஒரு சின்ன ஊர். வெள்ளத்துக்குப் பயந்து மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வட்டமாகக் கட்டிய ஊர். நடுவில் ஒரு பழைய தேவாலயம். 1457இல் ஊர்க்காரர்கள் தங்கள் தலைவரிடம் அனுமதி கேட்டார்கள். கொழுத்த மாடுகளை எம்ஸ் ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். குரோனிங்கன் நகரத்தில் ஆர்கன் செய்யும் ஹார்மன்னுஸுக்கு அதுதான் கூலி!

அவர் செய்ததாகக் கருதப்படும் ஆர்கன் இன்றும் அங்கே ஒலிக்கிறது. உலகில் இன்னும் வாசிக்க முடிகிற மிகப் பழைய ஆர்கன்களில் அதுவும் ஒன்று. ஒரே ஒரு கீபோர்டு, ஏழு குழாய் வரிசைகள், அவ்வளவுதான். ஆர்மோனியத்தில் காற்று சின்ன உலோக நாக்குகளை அதிர வைக்கும். ஆர்கனிலோ பெரும்பாலான குழாய்கள் புல்லாங்குழல் மாதிரிதான். துருத்தியின் காற்று, கட்டையை அழுத்தினால் குழாய்க்குள் புகுந்து பாடும்.

அந்தப் பகுதியில் அதற்குப் பிறகும் ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஆர்கன்கள் செய்தார்கள். புகழ்பெற்ற ஆர்ப் ஷ்னிட்கர் 1686 முதல் 1692 வரை நோர்டன் நகரத்துக்கு ஒன்று செய்தார்.

இதெல்லாம் எப்படித் தப்பியது? பெரிய காரணம், பிற்காலத்தில் வந்த வறுமை! 19ஆம் நூற்றாண்டில் ரசனை மாறியபோது, வசதியான ஊர்கள் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கின. இவர்களிடம் அதற்குக் காசில்லை. இருந்ததையே ஒட்டுப்போட்டு வாசித்தார்கள். 1917இல் வேறொரு ஆபத்து. போருக்கு வெள்ளீயம் வேண்டுமென்று ஜெர்மனி முழுக்க ஆர்கன்களின் முன்வரிசைக் குழாய்களை அரசு பிடுங்கியது. ஹாம்பர்க் யாக்கோபி தேவாலயத்தின் ஷ்னிட்கர் ஆர்கனும் அப்படித்தான் தன் குழாய்களை இழந்தது.

மிஞ்சியவற்றுக்கு இன்னொரு ஆபத்து, ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று கெடுப்பவர்கள். நல்லவேளையாக, 1954இல் யூர்கன் ஆரெண்ட், கெர்ஹார்ட் புருன்சேமா என்ற இருவர் அதே பகுதியில் பட்டறை தொடங்கினார்கள். பழைய ஆசான்கள் செய்த முறையையே படித்து, அதே வழியில் வேலை செய்தார்கள். 1960 வாக்கில் ரீசும் ஆர்கனைச் சரிசெய்தது அவர்கள்தான். நோர்டன் ஆர்கனையும் 1980களில் ஆரெண்ட் மீட்டெடுத்தார்.

காசில்லாதவர்கள் காப்பாற்றினார்கள். கை வைத்தவர்கள் அடக்கமாக வைத்தார்கள். மாடுகள் போய் ஐந்தரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது, சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது.