ஆற்றங்கரைச் சிலுவைகள்

சென்னை அரண்மனைக்காரன் தெருவை அறியாத கத்தோலிக்கர் சிலரே. ஆயினும், செவ்வாய்தோறும் புனித அந்தோணியாரை நாடி அங்கே செல்வோருள் எத்தனை பேர், அப்பெயர் ஆர்மீனியரை நினைவூட்டுவது என்பதை எண்ணிப் பார்க்கின்றனர்? பரங்கிமலைத் திருத்தலத்திற்கு நாம் ஏறிச் செல்லப் படிக்கட்டுகள் அமைத்துத் தந்த கோஜா பெத்ருஸ் உஸ்கானும் ஆர்மீனிய வணிகரே.

இவ்வணிகர்களுள் பலருடைய முன்னோரின் ஊர் ஜுல்ஃபா. இன்று அஜர்பைஜான் நாட்டுக்கு உட்பட்ட நக்சிவான் பகுதியில், அராஸ் ஆற்றங்கரையில் அது அமைந்திருந்தது. பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் 1604-1605 ஆண்டுகளில் அவ்வூராரைக் கட்டாயமாக இஸ்பஹானுக்குக் குடிபெயர்த்தார். உயிரோடிருந்தோர் போயினர், இறந்தோர் தங்கினர்.

அவர்தம் கல்லறைகளின்மேல் நின்றவை 'கச்கார்' எனப்படும் சிலுவைக் கற்கள். அவற்றில் பாடுபட்ட ஆண்டவரின் உருவத்தைக் காண்பது அரிது. மாறாக, சிலுவையின் அடியிலிருந்து தளிர்கள் கிளைத்தெழும். மரணத்தின் மரம் வாழ்வின் மரமாயிற்று என்னும் இறையியலை உளியால் எழுதியவர்கள் அவர்கள். 17-ஆம் நூற்றாண்டில் அவ்வழியே சென்ற இயேசு சபைக் குரு அலெக்சாண்டர் தெ ரோட்ஸ், அங்கே ஏறத்தாழ 10,000 கற்கள் இருந்ததாகக் குறித்துள்ளார்.

இன்று அங்கே ஒன்றுமில்லை. 1998-இலும் 2002-இலும் கற்கள் சாய்க்கப்பட்டன. 2005 டிசம்பரில் படைவீரர்கள் எஞ்சியவற்றைச் சம்மட்டியால் உடைத்து ஆற்றில் கொட்டியதை, எதிர்க்கரையான ஈரானிலிருந்து படம் பிடித்தனர். அஜர்பைஜான் அரசு அதனை மறுத்தது. ஆனால் 2003, 2009 ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட அமெரிக்க அறிவியலார், அழிவு நிகழ்ந்ததை 2010-இல் உறுதி செய்தனர். அதே 2010-இல்தான் சிலுவைக் கல் செதுக்கும் கலையை மானுடத்தின் மரபுச் செல்வமாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது!

இதனைச் சொல்வது எவர்மீதும் பகை வளர்ப்பதற்கன்று. ஆர்மீனியப் படைகள் 1993 முதல் 2020 வரை தம் வசம் வைத்திருந்த அக்தாம் நகரில் இசுலாமியரின் கல்லறைகளும் சிதைக்கப்பட்டன. இறந்தோரை அவமதிக்கும் கரம் எவருடையதாயினும் பாவத்தின் கரமே.

கல்லறையை ஏன் உடைக்கின்றனர்? இறந்தவர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால், 'இங்கே வாழ்ந்தோம்' என அவர் சான்று பகர்கின்றார். அச்சான்றே சிலருக்கு அச்சம் தருகின்றது. யோர்தானைக் கடந்த யோசுவா பன்னிரு கற்களை நாட்டச் செய்தது, பிற்காலத்துப் பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே. கல் இல்லையேல் கேள்வியும் இல்லை.

நம் பங்குகளிலும், "உரிமை கோர ஆளில்லாத பழைய கல்லறைகளை அகற்றிவிடலாமே, சாமி" என்று சிலர் இடநெருக்கடியால் கேட்கின்றனர். அவர்தம் இடர்ப்பாடு எனக்கும் புரிகின்றது. எனினும், புனிதர்களின் சமூக உறவை விசுவசிக்கின்றோம் என ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நமக்கு, உறவினரற்ற கல்லறை என ஒன்று உண்டோ? இடம் ஒதுக்கத்தான் வேண்டுமெனில், முதலில் அக்கல்லில் உள்ள பெயரையேனும் பங்குப் பதிவேட்டில் எழுதி வைப்போம். வரும் கல்லறைத் திருநாளில் நம் முன்னோருக்கு மெழுகுதிரி ஏற்றும்போது, ஜுல்ஃபாவின் பெயரறியாத இறந்தோருக்காகவும் ஒரு திரி ஏற்றுவோம்.