மணல் போன இடம்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அக்காவின் பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்கு எட்டு. வரும்போதே நோட்டுத் தாளில் ஒரு பட்டியல் எழுதி எடுத்து வருவார்கள். சென்ற ஆண்டுப் பட்டியலில் மெரினா, வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, பிறகு நகரும் படிக்கட்டுகள் உள்ள பெரிய கடைத்தொகுதி ஒன்று ஆகியவை இருந்தன. நாங்கள் முப்பது ஆண்டுகளாகத் திருவொற்றியூரில் குடியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை. துறைமுகத்துக்கு வடக்கே சென்னை இருப்பதாகவே பட்டியல் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. எங்கள் பகுதியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் திரைப்படங்களில் பார்த்ததுதான். வந்த அன்றே இளையவன், "சித்தப்பா, இங்க ரவுடியெல்லாம் எந்தத் தெருவுல இருப்பாங்க?" என்று மிகுந்த ஆவலுடன் கேட்டான். சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி இரவு வரைக்கும் எங்களை விடவில்லை. எங்கள் மகள் கல்லூரியில் சேர்ந்த புதிதில், எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் வெறுமனே 'சென்னை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்களும் அதைத் திருத்தியதில்லை. விருந்தினர் வந்தால் தெற்கே அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, தூங்குவதற்கு மட்டும் வடக்கே கூட்டிவரும் பழக்கத்தை ஏற்படுத்தியவர்களும் நாங்களேதான்.

எனவே அம்முறை ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதல் இரண்டு நாட்கள் அவர்களுடைய பட்டியல். அடுத்த இரண்டு நாட்கள் எங்களுடையது. அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அந்தப் பக்கம் பாக்கறதுக்கு என்ன இருக்குது? புகையும் லாரியும்தானே" என்றாள். அதில் பொய் ஏதும் இல்லாததால் நாங்கள் மறுக்கவில்லை.

முதல் நாள் மாலை மெரினா. பிள்ளைகள் இருட்டும் வரை மணலில் கோட்டை கட்டினார்கள். இளையவன் ஒரு தண்ணீர்ப் புட்டியில் மணலை நிரப்பிப் பத்திரப்படுத்திக்கொண்டான். திரும்பும் வழியில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத் தெருவில் அத்தோ சாப்பிட்டோம். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த உணவு அது. நூடுல்ஸை வெங்காயம், கோஸ், புளிக்கரைசல், பொரித்த தட்டையுடன் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். குடிக்க வாழைத்தண்டு சூப். மூத்தவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். இரண்டாம் நாள் வண்டலூரில் கழிந்தது.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே எழுப்பிக் காசிமேட்டுக்கு அழைத்துப் போனோம். மே மாதம் அங்கு மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பது காரணம். ஆகவே நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நின்றுகொண்டிருந்தன. சிறிய ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் சங்கரா, நெத்திலி, கவளை என்று கொஞ்சம் மீன் ஏலத்துக்கு வந்திருந்தது. கூடையை நடுவில் வைத்து விலையைப் பாடுவதுபோல் ஏற்றிச் சென்ற பெண்மணியைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

எங்களுக்கு உள்ளூர ஏமாற்றம்தான். துறைமுகம் முழு இரைச்சலோடு இருக்கும் நாளில் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கரையேற்றி நிறுத்திய படகுகளின் அடிவயிற்றில் நடந்துகொண்டிருந்த வேலை பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்துச் செருகிக்கொண்டிருந்த முதியவர் இளையவனைக் கூப்பிட்டு, "இன்னா தம்பி, ஊர்லேந்து வந்துகினியா? இந்தா, நீ ஒண்ணு அடி" என்று சுத்தியலைக் கொடுத்தார். அவன் அடித்தான். அந்தப் படகு இனி எவ்வளவு தூரம் போனாலும் ஓர் இடுக்கு தன்னுடையது என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். ரவுடிகளைப் பற்றிய விசாரணை அதோடு நின்றுபோனது.

அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம் அருகில்தான். ஊரின் பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அவரும் மீனவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் ஹௌராவிலும் இதற்கு முன்பே ரயில் ஓடியிருந்தாலும் அந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்றில்லை. இது நிற்கிறது. வரிசையான தூண்கள், உயர்ந்த கூரை, கூட்டமே இல்லாத நடைமேடை. பிள்ளைகள் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக் கைகள் சேர்கின்றனவா என்று பார்த்தார்கள்.

பிறகு மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பாதை அது. தண்டையார்பேட்டை வரை நிலத்தடியில் செல்லும் வண்டி, அடுத்த நிலையத்துக்குள் மேலேறி வெளிச்சத்துக்கு வரும் கணத்தில் பிள்ளைகள் கத்தியதைக் கேட்டுப் பெட்டியே திரும்பிப் பார்த்தது. காலடிப்பேட்டை என்ற அறிவிப்பைக் கேட்டதும் மூத்தவள் யாருடைய காலடி என்று கேட்டாள். யாருடையதும் அல்ல, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். காலட்பேட்டை மக்கள் நாவில் காலடிப்பேட்டையாகிவிட்டது. ஒரு துரையைக் காலடியாக்கிய மொழியை எண்ணி அவள் வெகுநேரம் சிரித்தாள்.

திருவொற்றியூர்க் கோயிலில் மகிழ மரத்தடியில் உட்கார்ந்து சுந்தரர் கதையைச் சொன்னோம். சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் சிவன் அங்கே இல்லாமல் மகிழ மரத்தடியில் போய் இருக்க வேண்டும் என்று அவர் இரகசியமாகக் கேட்டுக்கொண்டார். சிவனும் சரி என்றார். சங்கிலியாரிடமோ, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது சுந்தரருக்குக் கண் பார்வை போயிற்று. "சாமி ரெண்டு பக்கமும் பேசினது தப்பில்லையா சித்தி?" என்றாள் மூத்தவள். வாக்குக் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறவர்களைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்லும் கதை அப்படித்தான் இருக்கும் என்றோம்.

வெயில் தணிந்தபின் கடலோரத்துக்குப் போனோம். பிள்ளைகள் வாளியும் கரண்டியும் எடுத்து வந்திருந்தார்கள். சாலைக்கு அப்பால் கருங்கற்பாறைகளைக் கொட்டி எழுப்பிய தடுப்பு. அதன்மேல் மோதும் அலை. இளையவன் பாறையின்மேல் நின்று இருபுறமும் பார்த்தான்.

"மணலெல்லாம் எங்கங்க சித்தி?"

நாங்கள் பதில் வைத்திருந்தோம். ஆனால் ஒரு குழந்தை அதை அவ்வளவு நேராகக் கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போகின்றன. 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் சுவர்களை நீட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றை உடைத்தது, மறுபடியும் கட்டினார்கள். வடக்கே வரவேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தங்கிற்று. இன்று நாம் காணும் மெரினாவின் அகலத்தில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததுதான். மணல் வராமல் போன ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. மிச்சத்தைக் காக்கத்தான் இந்தப் பாறைகள்.

ஒரு குச்சியையும் தரையில் கிடந்த தூசியையும் வைத்து இதை விளக்கிக் காட்டினோம். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்போ நான் புட்டியில எடுத்தது இந்த ஊர் மணலா?" என்றான். ஒருவகையில் ஆமாம் என்றோம். திரும்பிக் கொட்டிவிடலாமா என்று கேட்டான். ஒரு புட்டியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, நீயே வைத்துக்கொள் என்று சொன்னோம்.

நான்காம் நாள் எண்ணூர் முகத்துவாரம். அழைத்துப் போவதா வேண்டாமா என்று முந்தைய இரவு நாங்கள் இருவரும் வாதாடினோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் பரவியதும், மீனவர்கள் கையாலேயே அதை வழித்து அள்ளியதும் எங்கள் கண்முன் நடந்தவை. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எண்ணூர் நண்பர் ஒருவரின் குடும்பம் முகத்தில் ஈரத்துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு வந்த குழந்தைகளுக்கு இதையெல்லாம் காட்டத்தான் வேண்டுமா என்று ஒருவர் கேட்க, அங்கே பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தேர்வு உண்டா என்று மற்றவர் கேட்டார். இரண்டுமே சரியான கேள்விகள். கடைசியில், காலையில் ஒரு மணி நேரம் மட்டும், காற்று மோசமாக இருந்தால் உடனே திரும்புவது என்று முடிவு செய்தோம்.

காற்று நன்றாகவே இருந்தது. ஆறு கடலைச் சேரும் இடத்தில் நீர் இரண்டு நிறமாகத் தெரிந்தது. அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், துறைமுகத்தின் பளுதூக்கிகள். இக்கரையில் இடுப்பளவு நீரில் குனிந்து நின்ற சிலர் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூழைக்கடா ஒன்று அவர்களுக்குச் சற்றுத் தள்ளி நின்று அதே வேலையைச் செய்தது. வண்டலூரில் கம்பிக்குப் பின்னால் பார்த்த பறவை இங்கே சம்பாதித்துச் சாப்பிடுவதைக் கண்டு இளையவன் குதித்தான். மூத்தவள் மட்டும் கரையோரத் தூணில் படிந்திருந்த கருப்புக் கோட்டைத் தொட்டு, "இதுதான் அந்த எண்ணெயா?" என்றாள். இருக்கலாம் என்றோம். அவள் விரலைத் துடைக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நாங்கள் எதையும் விளக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அக்கா தொலைபேசியில், "என்னென்னமோ சொல்றாங்க, ஒண்ணும் புரியல. ஆனா நல்லா இருந்துச்சாம்" என்றாள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரே ஒரு குறை. பள்ளிக்கூடங்கள் ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடுகின்றன. தடைக்காலம் முடிவதோ ஜூன் 14 நள்ளிரவில். விடுமுறைக்கு வரும் எந்தக் குழந்தையும் காசிமேட்டுப் படகுகள் கிளம்புவதைப் பார்க்க முடியாது. அந்த இரவு நாங்கள் இருவரும் துறைமுகத்துக்குப் போனோம். மாலை போட்ட படகுகள், கற்பூரம், எந்திரங்களின் உறுமல். கோபிக்குத் தொலைபேசி செய்தோம். பிள்ளைகள் விழித்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் பேசாமல் தொலைபேசியைக் கடலை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"என்னோடது போயிருச்சுங்களா?" என்று இளையவன் கேட்டான். அத்தனை படகுகளில் எது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? போய்விட்டது என்று சொன்னோம்.