காயம் கட்டிய கைகள்

பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையொன்றில் இளமையில் நம் விரல் கிழிந்தபோது, அன்னையார் துணியைக் கருக்கி அச்சாம்பலை வைத்து அழுத்தினார். அக்கைப்பக்குவத்தின் வேரைப் பின்னாளில் நூல்களில் தேடினோம்.

சேரரைப் பாடும் பதிற்றுப்பத்தில், மார்புப் புண்ணைத் தைக்கும் வெள்ளூசியை, குளத்தில் மூழ்கியெழும் மீன்கொத்திக்கு ஒப்பிடுகிறார் பரணர். புறநானூற்றுப் பெண்டிரோ மனையில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை எழுப்பி, காஞ்சி பாடிப் புண்பட்டோனைக் காத்தனர்.

கி.பி. 625இல் உஹதுக் களத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுகம் காயமுற்றது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். குருதி பெருகியதேயன்றி நிற்கவில்லை. பாய்த்துண்டொன்றை எரித்து அச்சாம்பலை அப்பினார்கள், நின்றது.

இதை அறிந்துதான் அன்னையார் செய்தாரா, வழிவழி வந்த பழக்கமா? கேட்டுவைக்காமற் போனோம். இன்று தழும்பு இருக்கிறது, அவர் இல்லை.